மகளும் முதலீட்டு வங்கியும்

தில்லிக்கு வந்த தமிழர் தம்மோடு கொண்டுவந்த மூலதனம் யாது என்று கேட்டால், ஒரு தகரப் பெட்டியும் ஒரு சான்றிதழும் என்று விடை சொல்லிவிடலாம். என் தந்தையார் 1968-ஆம் ஆண்டில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து புதுதில்லி நிலையத்தில் இறங்கியபோது அவரிடம் இருந்தவை அவ்விரண்டே. பெட்டியில் நான்கு வேட்டிகள், இரண்டு சட்டைகள்; சான்றிதழில் தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் ஹையர் தேர்ச்சி. கரோல்பாகில் ஓர் அறையில் நால்வரோடு ஐந்தாமவராகத் தங்கியவர், மூன்றாம் மாதமே ஓர் அமைச்சகத்தில் சுருக்கெழுத்தாளராக அமர்ந்துவிட்டார். நிமிடத்திற்கு இத்தனை சொல் என்று தாளில் எழுதியிருந்தது. அத்தனை சொல்லை அவர் விரல்கள் எழுதிக் காட்டின. வேலை கிடைத்தது.

நானும் அவ்வழியே வந்தவள். பி.ஏ. முடித்துப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்தர் தேர்வை எழுதி, 1999-இல் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, இன்று மேல்நிலை எழுத்தராகக் கோப்புகளுக்கு நடுவே வீற்றிருக்கிறேன். படிப்பு, தேர்வு, சான்றிதழ், வேலை என்னும் நான்கு படிகள் கொண்ட இந்த ஏணியில்தான் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏறி வந்தன. ஆகவே பிள்ளைகள் ஒரு தொழிலை விரும்பினால், ‘அதற்கு என்ன படிக்க வேண்டும்? அதில் முதலிடம் எந்தக் கல்லூரிக்கு?’ என்று கேட்பது நமக்கு இயல்பாகிவிட்டது. முதலீட்டு வங்கித் தொழிலுக்குப் போக விரும்புவதாகவும், அதற்கு வணிக மேற்படிப்பு ஒன்று தேட வேண்டும் என்றும் என் மகள் சொன்னபோது, எங்கள் வீட்டிலும் அக்கேள்விதான் முதலில் எழுந்தது. அதை அவள் எவ்வாறு வேறொரு கேள்வியாக மாற்றினாள் என்பதையே இங்கே எழுதப் புகுந்தேன். நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று இதே வாசலில் நிற்பதை நான் அறிவேன்.

அவள் 2019-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.காம். ஆனர்ஸ் சேர்ந்து, பாதிப் படிப்பைத் தொற்றுநோய்க் காலத்தில் கணினித் திரைக்கு முன்னே முடித்து, 2022-இல் குருகிராமில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தாள். வெளிநாட்டு வங்கிகளுக்காக இங்கிருந்து கணக்கு அட்டவணைகளையும் படவிளக்கத் தாள்களையும் தயாரித்து அனுப்புவது அந்நிறுவனத்தின் தொழில். ஒரு கம்பெனியை மற்றொன்று வாங்க நினைக்கும். அதன் விலைமதிப்பு என்ன, அதைப் போன்ற பிற கம்பெனிகள் என்ன விலைக்குப் போயின என்று இவள் இரவு முழுவதும் அட்டவணை போடுவாள். காலையில் இலண்டனில் யாரோ ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் போவார். “அம்மா, நான் சமையற்கட்டிலேயே இருக்கிறேன். பரிமாறும் கூடம் எப்படியிருக்கும் என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?” என்றாள். மூன்றாண்டு சமைத்தவள் கேட்பதில் நியாயம் இருந்தது.

முதலீட்டு வங்கி என்ற பெயரே நம்மைத் திசைதிருப்பிவிடும். நாம் சம்பளம் போடும் வங்கியன்று அது. அங்கே பாஸ்புத்தகம் இல்லை, வைப்புநிதி இல்லை. கம்பெனிகளும் அரசுகளும் சந்தையில் பங்கு வெளியிட்டோ கடன்பத்திரம் வெளியிட்டோ பணம் திரட்டும்போது விலை நிர்ணயிக்கவும், வாங்குவோரைச் சேர்க்கவும், சட்டபூர்வமான ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் கூலி பெற்றுக்கொண்டு துணைநிற்பது அதன் வேலை. கம்பெனிகளை வாங்குவதிலும் விற்பதிலும் இணைப்பதிலும் ஆலோசனை சொல்வது மற்றொரு வேலை. 2022 மே மாதத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பங்குகள் வெளியானதை நம் வீடுகளில் மறந்திருக்க மாட்டார்கள். பாலிசிதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு என்றதும் எங்கள் பிரிவில் பாதிப் பேர் பான் எண்ணை இணைக்க ஓடினார்கள். பங்கு ஒன்று 949 ரூபாய் என்று விலை வைத்து ஏறத்தாழ 20,500 கோடி ரூபாய் திரட்டிய அந்த வெளியீட்டை நடத்திவைத்தவை பத்து முதலீட்டு வங்கிகள். நம் நாட்டுச் சட்டமொழியில் இவர்களுக்கு ‘மெர்ச்சன்ட் பேங்கர்’ என்று பெயர். 1967-இல் கிரிண்ட்லேஸ் வங்கி இத்தொழிலை இங்கே தொடங்கியது. 1972-இல் ஸ்டேட் வங்கி இறங்கியது. 1992 முதல் ‘செபி’யின் விதிகளுக்கு உட்பட்டு நடக்கிறது.

அமெரிக்காவில் 1933-இல் வந்த ஒரு சட்டம், மக்களின் வைப்புப் பணத்தை வாங்கும் வங்கியும் பங்கு வெளியிடும் வங்கியும் ஒன்றாக இருக்கக் கூடாதென்று பிரித்தது. ஜே.பி. மார்கன் நிறுவனத்திலிருந்து மார்கன் ஸ்டான்லி 1935-இல் தனியே பிரிந்தது அதன் விளைவே. அச்சட்டத்தின் முக்கியத் தடைகள் 1999-இல் நீக்கப்பட்டன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2008 செப்டம்பர் 15-இல், 1850-இல் தொடங்கிய லேமன் பிரதர்ஸ் திவாலானது. ஊழியர்கள் அட்டைப்பெட்டிகளுடன் வெளியே வந்த படங்களை அந்நாளில் தொலைக்காட்சியில் பார்த்தேன். நூற்றைம்பது ஆண்டு நிறுவனமாயினும் ஒரு திங்கட்கிழமை காலையில் இல்லாமற் போகும் தொழில் இது என்பதை, ஓய்வூதியம் உறுதியாக உள்ள நான் சற்று அழுத்தியே மகளிடம் சொன்னேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இன் 16-ஆம் விதிப்படி நான் பங்குகளில் ஊகவாணிபம் செய்யலாகாது. அடிக்கடி வாங்கி விற்பதே ஊகம் எனக் கருதப்படும். தாய் தொடக்கூடாத இடத்தில் மகள் பிழைக்கப் போகிறேன் என்கிறாள்.

அவள் மேற்படிப்பைத் தேடத் தொடங்கிய செய்தி பரவியதும் ஆலோசனைகள் மழையாகப் பொழிந்தன. சங்கத்துக் கூட்டம் ஒன்றில் ஓர் அன்பர், “லண்டன் என்றால் லண்டன்தான், ஒரே வருடம், போனோம் வந்தோம்” என்றார். மற்றொருவர் அமெரிக்கா ஒன்றே வழி என்றார். ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஒரு தரகர் தரவரிசைப் பட்டியலை விரித்து, முதல் ஐம்பதுக்குள் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம் என்றார். வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும் சேர்த்துவிடும் தரகருக்குக் கமிஷன் தருகின்றன. கண்ணை மூடச் சொல்வது அவருக்கு வசதி.

காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் குடியிருப்பில் இருக்கிறார். அவருடைய தந்தையார் பர்மாவில் லேவாதேவிக் கடையில் இருந்தவர். நகரத்தார் கடைகளில் சிறுவனாகச் சேருபவன் பெட்டியடிப் பையன், வேலை படிந்தபின் அடுத்தாள், பிறகு மேலாள், எல்லாருக்கும் மேலே ஊரிலிருக்கும் முதலாளி. தொழிலைக் கடையிலேயே கற்றார்கள், கல்லூரி ஏது? அப்பெரியவர் என் மகளிடம், “ஏம்மா, கடைசியில் பெட்டியடிப் பையன் வேலைக்குத்தானே போகப்போகிறாய்? அதற்கா அரைக்கோடி?” என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அதேதான் தாத்தா. பெட்டியடியில் நுழைவதா, நேரே அடுத்தாளாக நுழைவதா என்பதற்குத்தான் இந்தப் படிப்பு.”

அவள் சொன்னது விளையாட்டன்று. மேலை நாட்டு வங்கிகளில் பட்டப்படிப்பு முடித்தவரும், ஓராண்டு நிதியியல் முதுகலை முடித்தவரும் ‘அனலிஸ்ட்’ என்ற அடிப்படியில் சேர்கின்றனர். சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு இரண்டாண்டு எம்.பி.ஏ. முடித்தவர் ‘அசோசியேட்’ என்ற அடுத்த படியில் சேர்கிறார். அதற்கு மேல் வைஸ் பிரெசிடென்ட், மேனேஜிங் டைரக்டர் என்று போகும். (பிரெசிடென்ட் எங்கே என்று கேட்காதீர்கள், ஒரே வங்கியில் வைஸ் பிரெசிடென்ட்கள் ஆயிரக்கணக்கில் உண்டாம்.) நம் நாட்டில் இப்பெயர்கள் வங்கிக்கு வங்கி மாறும்; படிகள் ஒன்றுதான். ஆக, எந்தக் கல்லூரி என்பதற்கு முன்னால், எந்தப் படியில் நுழையப் பார்க்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வயதில், மூன்றாண்டு அனுபவத்தோடு, அவள் இரண்டிற்கும் நடுவே நின்றாள்.

அடுத்து அவள் கண்டறிந்ததுதான் எனக்குப் புதியது. இத்தொழிலில் ஆள் எடுப்பது படிப்பு முடிந்தபின் அன்று. வங்கிகள் கோடையில் எட்டு முதல் பத்து வாரம் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்து, வேலை வாங்கிப் பார்த்து, பிடித்தவர்களுக்கே நிரந்தர வேலை தருகின்றன. நிரந்தர இடங்களில் பெரும்பகுதி அப்படியே நிரம்பிவிடுகிறது. ஆகவே கோடைப் பயிற்சியே வாசல். இலண்டனில் அடுத்த ஆண்டுக் கோடைக்கான விண்ணப்பங்கள் முந்திய ஆண்டு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன. வரவர நிரப்பிக்கொண்டே போகின்றன. செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டுப் படிப்புக்கு ஒரு பெண் தில்லியிலிருந்து போய், அறை பிடித்து, அரிசியும் பருப்பும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதற்குள், விண்ணப்பமும் கணக்குத் தேர்வும் காமிராவுக்கு முன் தனியே பேசிப் பதிவுசெய்யும் நேர்காணலும் முடிந்துகொண்டிருக்கும். அங்கேயே பட்டப்படிப்புப் படித்தவர்களுக்கு முதலாம் ஆண்டு முதலே வங்கிகளுக்குள் ஒரு வாரம் அழைத்துக் காட்டும் ‘ஸ்பிரிங் வீக்’ உண்டு. அவர்களோடு இவள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

எம்.பி.ஏ.யிலும் இந்த நாட்காட்டிதான் ஆட்சி செய்கிறது. இரண்டாண்டுப் படிப்பில் இரண்டு கல்வியாண்டுகளுக்கு நடுவே ஒரு கோடை இருக்கிறது. தொழில் மாறுவோருக்கு அக்கோடையே பாலம். ஓராண்டுப் படிப்பில் அது பெரும்பாலும் இல்லை. பிரான்சில் 1957-இல் தொடங்கிய இன்சியாட் கல்லூரியில் ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை உண்டு. ஜனவரியில் சேர்ந்தால் நடுவே பயிற்சிக்குக் கோடை விடுமுறை கிடைக்கும். செப்டம்பரில் சேர்ந்தால் கிடைக்காது. கல்லூரி ஒன்று, பட்டம் ஒன்று, கட்டணமும் ஏறத்தாழ ஒரு லட்சம் யூரோ என்று ஒன்றுதான். சேரும் மாதத்தால் வாசல் திறக்கிறது அல்லது மூடுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் சேருவோருக்குக் கோடைப் பயிற்சி கிடையாது. தொழில் மாறத் தேவையில்லாதவர்களுக்கே அது உரியது என்று கல்லூரியே சொல்லிவிடுகிறது. நம் ஹைதராபாத்தில் 2001-இல் திறந்த ஐ.எஸ்.பி.யின் ஓராண்டுப் படிப்பும், ஏற்கெனவே ஒரு தொழிலில் ஊன்றியவருக்குப் பொருந்தும் அளவுக்குப் புதிதாக நுழைபவருக்குப் பொருந்துவதில்லை என்பது என் மகளின் கணிப்பு. அதை நானும் ஏற்கிறேன். தரவரிசைப் பட்டியல்களில் இச்செய்திக்கென்று ஒரு பத்தி போட்டிருந்தால் எத்தனையோ பெற்றோர் பிழைத்துப் போவார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். எழுத்தர் குடும்பத்தில் அது கடைசியில் வருவது அரிது, நான்தான் அடக்கிக்கொண்டிருந்தேன். இலண்டனின் பெயர்பெற்ற நிதியியல் முதுகலைப் படிப்புகளுக்குக் கட்டணம் மட்டும் 40 ஆயிரம் பவுனைத் தாண்டுகிறது. பவுன் என்றால் நமக்குக் கழுத்திலும் கையிலும் கிடப்பது; அங்கே மாத வாடகை. தங்குவதும் உண்பதும் சேர்த்தால் 70 லட்ச ரூபாய்க்குக் குறையவில்லை. அமெரிக்காவின் முதல்வரிசை எம்.பி.ஏ.க்குக் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 70 ஆயிரம் டாலருக்கு மேல். இரண்டாண்டுச் செலவு 2 கோடி ரூபாயைத் தொடும். இங்கே ஆமதாபாத்து, கொல்கத்தா ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுக் கட்டணம் 25 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1961-இல் இவை தொடங்கியபோது வாங்கிய தொகையைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நம் தில்லியிலேயே 1954 முதல் இருக்கும் எஃப்.எம்.எஸ். இரண்டாண்டுக்கும் சேர்த்து மூன்று லட்சத்துக்குள் முடித்துவிடுகிறது. அப்படியானால் எல்லாரும் அங்கேயே போகலாமே என்பீர்கள். எல்லாரும் அப்படி நினைப்பதால்தான் அங்கே இடம் கிடைப்பதில்லை.

எங்களுக்குச் சொத்து என்று இருப்பது, திருச்சிக்கு அருகே என் தந்தையார் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய ஒரு மனை. தாம் அங்கே வீடு கட்டி ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தில்லியிலேயே காலமானார். இலண்டன் செலவுக்குக் கடன் கேட்டுப் போனபோது, எங்கள் வங்கிக் கிளையில் அத்தொகைக்கு ஈடு வேண்டும் என்றார்கள். மனைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டேன். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

கடனை அடைப்பதற்கு அந்நாட்டில் வேலை வேண்டும். வேலைக்கு அனுமதி வேண்டும். பிரிட்டனில் 2021-இல் வந்த பட்டதாரி விசா, படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு தங்கி வேலை தேட இடம் தந்தது. அதைப் பதினெட்டு மாதமாகக் குறைப்பதென்று 2025-இல் அந்நாட்டு அரசு முடிவு செய்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அக்குறைந்த காலமே. அமெரிக்காவிலோ ஆண்டுக்கு 85 ஆயிரம் எச்-1பி விசாக்கள்தாம்; அதற்குக் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்கள் சிலவற்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. ரூபாயில் வாங்கிய கடனை, குலுக்கலில் சீட்டு விழுந்தால் டாலரில் அடைக்கலாம், விழாவிட்டால் ரூபாயிலேயே அடைக்க வேண்டும் என்பதுதான் இதன் சுருக்கம்.

2024 நவம்பரில் அவள் ‘கேட்’ தேர்வும் எழுதினாள். ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதும் தேர்வு. இரவுப் பணி முடித்து வந்து காலை ஐந்து மணிக்குக் கணக்குப் போட உட்காருவாள். நான் காப்பி கலந்து வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, சில நாள் அக்காப்பி ஆடை படர்ந்து அப்படியே இருக்கும். 2025 பிப்ரவரியில் இலண்டனிலிருந்து ஓராண்டு முதுகலைக்கு இடம் வந்தது. ஏப்ரல் முடிவதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். இங்குள்ள கல்லூரிகளின் இறுதிப் பட்டியல் அதற்குள் வந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் அவள் செய்த காரியத்தை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. அந்த இலண்டன் படிப்பை அண்மையில் முடித்த இந்தியர்களைத் தேடிப் பதினொருவருக்கு எழுதினாள். ஐவர் பதில் எழுதினர். படிப்பு எப்படியிருந்தது என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் சேரும் முன்பே எந்த வங்கியிலாவது பயிற்சி பெற்றிருந்தீர்களா, இப்போது எந்த நகரத்தில் என்ன வேலை என்ற இரண்டே கேள்விகள். இருவர் இலண்டனில் முதலீட்டு வங்கியில் இருந்தனர். இருவருமே பட்டப்படிப்பை அங்கேயே படித்து, முன்பே பயிற்சி பெற்றவர்கள். ஒருவர் ஆலோசனை நிறுவனமொன்றில். மற்ற இருவரும் திரும்பிவந்து, ஒருவர் பெங்களூரிலும் ஒருவர் குருகிராமிலும், அட்டவணை போட்டுக்கொண்டிருந்தனர். குருகிராமில் இருந்தவர் என் மகளின் அலுவலகத்துக்கு இரண்டு கட்டிடம் தள்ளி.

ஐந்து பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்று அவளே சொன்னாள். ஆனால் அந்த இரண்டு கட்டிட இடைவெளிக்கு 70 லட்சமும் தாத்தாவின் மனையும் கொடுக்க முடியாது என்றும் சொன்னாள். ஏப்ரல் கடைசி நாள் மாலை, முன்பணம் கட்டும் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தாள். மூடிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். கையில் வேறு இடம் ஏதும் அப்போது இல்லை. உறவினர் சிலர் தொலைபேசியில், “கிடைத்ததை விட்டுவிட்டீர்களே” என்றார்கள். மகள் முகத்தைப் பார்த்து நான் பேசாதிருந்தேன். அன்றிரவு உறங்கியது வீட்டில் அவள் ஒருத்திதான்.

என்னை உறுத்தியது பணம் மட்டும் அன்று. 2021-இல் ஒரு பெரும் அமெரிக்க வங்கியின் முதலாண்டு ஊழியர்கள் பதின்மூவர் தம் நிலையைத் தாமே கணக்கெடுத்து மேலாளருக்குக் காட்டினர். வாரத்திற்குச் சராசரி 95 மணி நேரம் வேலை. எங்கள் அலுவலகங்களுக்கு 1985 முதல் வாரம் ஐந்து நாள். நாற்பது மணி நேரம். அவர்களுடைய ஒரு வாரம் எங்களுக்கு இரண்டேகால் வாரத்துக்கும் மேல். 2024-இல் ஒரு வங்கி இளநிலையினரின் வேலையை 80 மணிக்கு மேற்படாதவாறு வரம்பு வைத்ததைச் சலுகையாகச் செய்தித்தாள்கள் எழுதின! “தூங்குவது எப்போது?” என்று கேட்டேன். “இப்போது மட்டும் எப்போது தூங்குகிறேன் அம்மா?” என்றாள். இரவுப்பணிக்காரியிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? ஆயினும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. இக்கேள்விக்கு அவளிடமும் விடை இல்லை, என்னிடமும் இல்லை. ஐந்தாண்டு பார்க்கிறேன் என்கிறாள். அந்த ஐந்து என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தாள் என்பது தெரியவில்லை.

மே மாதத்தில் கொல்கத்தாவின் பட்டியல் வந்தது, இடம் இருந்தது. ஜோக்கா என்னும் அப்புறநகரில் ஏரிகள் சூழ்ந்த வளாகம், நிதியியலுக்குப் பேர்போனது. இரண்டாண்டு; நடுவே ஒரு கோடை. மாணவரின் சேர்க்கைக் கடிதமே போதும் என்று, ஈடு கேட்காமல், அதே கிளையில் கடன் தந்தார்கள். எஞ்சியதற்கு என் வருங்கால வைப்புநிதியிலிருந்து எடுத்தேன். விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் மகளின் உயர்கல்வி என்று எழுதியபோது, இதே படிவத்தை என் தந்தையார் என் கல்லூரிப் படிப்புக்காக நிரப்பியிருப்பார் என்ற நினைவு வந்தது.

சேர்ந்த சில மாதங்களிலேயே, சென்ற 2025 இலையுதிர் காலத்தில், கோடைப் பயிற்சிக்கான தேர்வுகள் அங்கே நடந்துவிட்டன. வளாகத்துக்கு வந்த வெளிநாட்டு வங்கிகளில் வாடிக்கையாளரைச் சந்திக்கும் முன்னிலை வேலைக்கு இருந்த இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுக்குப் பொறியியல் படித்தவர்களும் சி.ஏ. முடித்தவர்களும் நின்றனர். சி.ஏ. என்பது நம் நாட்டில் இத்தொழிலுக்கு நல்ல வாசல், செலவும் குறைவு; பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை முதலில் எண்ணிப் பார்க்கலாம். என் மகளின் பெயர் இரண்டு வெளிநாட்டு வங்கிகளின் குறும்பட்டியலில் வந்து, நேர்காணலில் நின்றுபோயிற்று. மூன்றாவதாக மும்பையில் ஓர் இந்திய முதலீட்டு வங்கி, பங்கு வெளியீட்டுப் பிரிவில் 2026 கோடைக்கு எட்டு வாரப் பயிற்சி தந்தது. மூன்றாண்டு இரவுப்பணியில் அட்டவணை போட்ட கை அங்கே உதவியது என்று எழுதியிருந்தாள். குருகிராமில் எத்தனை கம்பெனிகளை விலை மதிப்பிட்டாய் என்றுதான் நெடுநேரம் கேட்டார்களாம்.

பயிற்சிதான், வேலையன்று. எட்டு வாரம் முடிந்தபின் வைத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் கையில். மும்பையில் எங்கே தங்குவது என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. மாதுங்காவில் என் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள். அங்கே இருந்துகொள்ளட்டும் என்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினால் சித்தி எழுந்து திறக்க வேண்டுமே, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் அவள். சாவி ஒன்று கூடுதலாகச் செய்து வைத்திருப்பதாகத் தங்கை நேற்றுத் தொலைபேசியில் சொன்னாள்.